வைகாசிக் கன்றுக்கு ஐப்பசியிலேயே நாள் குறிக்கும் உடம்பு: கரிபுத் தாய்களைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்தில் என் தாய்மாமா முப்பது வெள்ளாடு வளர்க்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் பட்டர்வொர்த்திலிருந்து ட்யூஷன் பிள்ளைகள் நாலைந்து பேரை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். போன முறை, படிவம் ஐந்து படிக்கும் பெண் ஒருத்தி கொட்டகைப் படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "டீச்சர், கரிபு எல்லாம் ஒரே வாரத்துல கன்னு போடுதுன்னு சொன்னீங்களே, மாமா ஆடு மட்டும் ஏன் மாசத்துக்கு ஒண்ணுன்னு போடுது?"

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதிலல்ல அது. அவளுக்காகவும், காட்டுயிர்களின் இனப்பெருக்கத்தைத் தமிழில் படிக்க ஆசைப்படும் மற்றவர்களுக்காகவும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். வடதுருவத்துக்குப் போகாமலே இதில் பாதியை நம் கையால் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ஓர் ஆடு போதும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். கரிபு என்பது அலாஸ்காவிலும் கனடாவிலும் காட்டில் திரியும் மான். ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் இதே இனத்தை ரெயின்டீர் என்பார்கள், தமிழில் துருவமான். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இந்த ஒன்றுக்குத்தான். இதை ஞாபகத்தில் வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

முதல் படி: தமிழ் மாதத்தில் நாட்காட்டி போடுங்கள்

இணைசேர்வது அக்டோபரில், அதாவது புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள். கன்று ஈனுவது மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை, கிட்டத்தட்ட முழுக்க வைகாசி. நாம் தீபாவளிக்கு முறுக்கு சுடும் நாள்களில் அங்கே சினை பிடிக்கிறது. தண்ணீர்மலையில் தைப்பூசக் காவடி ஏறும்போது அதே தாய் இருட்டிலும் பனியிலும் நின்று, குளம்பால் பனியைத் தோண்டித் தின்றுகொண்டிருக்கும். வைகாசி விசாகம் வருகிற சமயத்தில் மந்தையின் பெரும்பாலான கன்றுகள் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் மளமளவென்று தரையில் விழும்.

இப்படி ஒன்றாகப் பிறப்பதில் இரண்டு லாபம். ஓநாய், கரடி, பொன்னாங்கழுகு எல்லாம் எத்தனை தின்றாலும் ஒரே வாரத்தில் இத்தனை ஆயிரத்தைத் தின்று தீர்க்க முடியாது. அடுத்தது, பனி உருகி இளந்தளிர் வெளிவரும் அந்தக் குறுகிய காலத்தில் தாய்க்குப் பால் சுரக்கப் புரதம் கிடைக்கிறது.

பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 40 நிமிடம்கூட இல்லை. புல்லும் வருஷம் முழுக்க முளைக்கிறது. அதனால்தான் மாமாவின் ஆடுகள் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வருகின்றன. துருவத்தில் பகல் சுருங்கச் சுருங்கப் பெண் கரிபுவின் உடம்பில் ஹார்மோன்கள் மாறி, மந்தை மொத்தமும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருகிறது. சூரியன் மாதத்தைக் குறித்துவிடுகிறது. அந்த மாதத்துக்குள் எந்த நாள் என்பதைக் குறிப்பது தாயின் உடம்பு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: உடல்நிலையைக் கையால் படியுங்கள்

இதற்குத்தான் ஆடு வேண்டும். நான் முதன்முதலில் கொட்டகைக்குள் போய், "எல்லாம் கொழுகொழுன்னு இருக்கே மாமா" என்றேன். "வயித்தப் பாத்துச் சொல்லாதம்மா. அது காலையில தின்ன நேப்பியர் புல்லு. முதுகுல கைய வெச்சுப் பாரு" என்றார். கால்நடை மருத்துவம் இதே சோதனைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் வைத்திருக்கிறது.

ஆட்டை நேராக, அமைதியாக நிற்க வையுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் முதுகுப் பகுதியைக் கையால் பிடியுங்கள். நடுவில் தண்டுவட முள் தட்டுப்படும். இரண்டு பக்கமும் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு நுனிகள் விரலில் படும். முள் ஒவ்வொன்றும் சீப்புப் பல் மாதிரி கூராகக் குத்தி, நுனிக்கு அடியில் விரல் எளிதாக நுழைந்தால் 1. அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது, மேலே சதை உருண்டு நிரம்பியிருக்கிறது என்றால் 3. எவ்வளவு அழுத்தியும் எலும்பே அகப்படவில்லை என்றால் 5. இரண்டும் நாலும் இவற்றுக்கு இடையில். பிறகு முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பின்மேல் இருக்கும் கொழுப்பையும் பிடித்துப் பாருங்கள். வெள்ளாடு தன் கொழுப்பில் பெரும்பங்கை வயிற்றுக்குள்தான் ஒளித்துவைக்கும், முதுகுத் தோலுக்கடியில் அதிகம் சேர்க்காது. முதுகை மட்டும் நம்பினால் மதிப்பெண் குறைந்துபோகும்.

கரிபு முதுகிலும் பின்தட்டிலும் தோலுக்கடியில் கொழுப்பைப் படலமாகச் சேர்க்கிறது. வேட்டையாடும் பழங்குடி மக்கள் மானை அறுத்ததும் முதலில் பார்ப்பது இந்த முதுகுக் கொழுப்பைத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. ஆய்வாளர்களும் அதன் தடிமனை அளக்கிறார்கள், சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை எடை போடுகிறார்கள், எலும்பு மஜ்ஜையை உடைத்துப் பார்க்கிறார்கள். உயிரோடிருக்கும் மான் என்றால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து எடை பார்ப்பார்கள், விலாவையும் இடுப்பையும் தடவி மதிப்பெண் போடுவார்கள், அல்ட்ராசவுண்ட் கருவியால் பின்தட்டுக் கொழுப்பை அளப்பார்கள்.

கொழுப்பு கரையும் வரிசை தெரிந்திருந்தால் ஒரு மான் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். முதலில் போவது முதுகுக் கொழுப்பு. அடுத்து வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ளது. எல்லாம் தீர்ந்த பிறகே மஜ்ஜையில் கை வைக்கும். நல்ல நிலையில் மஜ்ஜை மெழுகு மாதிரி வெளுத்திருக்கும். பட்டினியில் சிவந்து கூழாகிவிடும். இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கைச்செலவுக் காசு, சேமிப்புக் கணக்கு, கடைசியில் தாலிச் சரடு என்று ஒப்பிட்டுச் சொல்வேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் படி: ஐப்பசிக் கணக்கைப் பாருங்கள்

இணைசேரும் பருவத்துக்கு ஒரு பெண் கரிபு எவ்வளவு எடையோடு வருகிறது என்பதில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்கிறது. சினை பிடிக்குமா? பிடித்தால், முன்னாலா பின்னாலா?

கொழுப்புத் திசு வெறும் கிட்டங்கி கிடையாது. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. இருப்பு போதவில்லை என்றால் சினைமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும், அல்லது அந்த ஆண்டு நின்றே போகும். ரேமண்ட் கேமரன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் அலாஸ்காவின் மத்திய ஆர்க்டிக் மந்தையில் 1987 முதல் 1991 வரை பெண் கரிபுகளை எடை போட்டு, அடுத்த கோடையில் எவை ஈன்றன என்று தொடர்ந்து பார்த்தார்கள். இலையுதிர் காலத்தில் எடை கூடக்கூட ஈனும் வாய்ப்பும் கூடியது. மெலிந்த தாய் ஓராண்டு சினை பிடிக்காமல் ஓய்ந்திருந்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு மறு ஆண்டு வருவதும் உண்டு. இதை மலடு என்று எண்ணிவிடாதீர்கள். கரிபு பத்து ஆண்டுக்குமேல் வாழக்கூடிய பிராணி. ஒரு கன்றுக்காகத் தன் உயிரையே பணயம் வைக்காமல் உடம்பு பின்வாங்குகிறது.

நாள் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான் எடுத்துக்கொள்வது உதாரணத் தேதிகள். கொழுத்த தாய் அக்டோபர் 5 அன்று சினை பிடிக்கிறது. சினைக்காலம் 228 நாள் என்று வைத்தால் மே 21-ல் கன்று. மெலிந்த தாய் அந்த முதல் வாய்ப்பைத் தவறவிட்டு, சுமார் மூன்று வாரம் கழித்து அடுத்த பருவத்தில், அக்டோபர் 26 அன்று பிடிக்கிறது. அதே 228 நாளைக் கூட்டினால் ஜூன் 11. கோடையே சில வாரம்தான் இருக்கும் ஊரில் மூன்று வாரம் என்பது மிகப் பெரிய இழப்பு.

நான்காம் படி: சினைக்காலம் நீளும், குறுகும்

மேலே போட்ட கணக்கில் 228 என்பதை மாறாத எண்ணாக வைத்தோம். உண்மையில் அது அசைந்து கொடுக்கும். வளர்ப்புத் துருவமான்களில் 203 நாளிலிருந்து 240 நாள்வரை பதிவாகியிருக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் சினை பிடித்தவை கொஞ்சம் அதிக நாள் சுமக்கின்றன. பின்னால் பிடித்தவை குறைந்த நாளில் ஈன்றுவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் நம் மெலிந்த தாய் 220 நாளில், ஜூன் 3-ல் ஈன்று, இழந்த மூன்று வாரத்தில் ஒரு வாரத்தைப் பிடித்துவிடலாம். மந்தை ஒரே கொத்தாக ஈனுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்த விட்டுப்பிடித்தலுக்கு எல்லை உண்டு. அந்த எல்லை குளிர்காலத்தில் இருக்கிறது.

பனிக்காலத்தில் கரிபுவின் முக்கிய உணவு லைக்கன். நமக்குப் புதிதில்லை, குருமாவுக்கும் பிரியாணிக்கும் தாளிக்கிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன்தான். அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. வயிற்றிலுள்ள கன்றோ கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமாக வளர்கிறது. அந்த வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி தாயின் சொந்தத் தசையிலிருந்து போகிறது. பனிமேல் மழை பெய்து, மேலே கண்ணாடி மாதிரி உறைந்து பொருக்குத் தட்டிவிட்டால் லைக்கனைத் தோண்டி எடுப்பதே கஷ்டம். அப்படிப்பட்ட ஆண்டில் கன்று மெதுவாக வளரும். தாய் நாள் கூட்டிச் சுமக்கும், அல்லது சிறிய கன்றாக ஈனும். நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மலைமேட்டில் குளிர்கால மேய்ச்சல் சீர்கெட்டிருந்த காலத்தில் காட்டுத் துருவமான்கள் தாமதமாக ஈன்றதைத் தெர்யே ஸ்கோக்லாண்ட் பதிவு செய்திருக்கிறார்.

அதனால் எடையை ஒரே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐப்பசி எடை, சினை உண்டா இல்லையா என்பதோடு அதிகம் ஒட்டிப்போகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் தாய் எப்படி இருக்கிறது என்பது ஈனும் தேதியோடும், கன்று முதல் சில நாள் பிழைப்பதோடும் அதிகம் ஒட்டிப்போகிறது. கேமரன் குழுவினர் கண்டதும் இதையே.

ஐந்தாம் படி: பிறந்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

ஆயிரக்கணக்கான மான்கள் பரந்த வெளியில் திரியும்போது எது எப்போது ஈன்றது என்று எப்படித் தெரியும்? கொம்பும் மடியும் சொல்லிவிடும்.

ஆண் கரிபு இணைசேர்ந்து முடிந்ததும், குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிடும். சினையில்லாத பெண் வசந்தத்தில், ஈனும் காலத்துக்கு முன்பே உதிர்க்கும். சினையுள்ள பெண் மட்டும் ஈனும்வரை கொம்போடு இருக்கும். ஈன்ற சில நாளில் உதிர்க்கும். பனியில் தோண்டிய குழியைத் தன் வயிற்றுப் பிள்ளைக்காகக் காத்துக்கொள்ள அந்தக் கொம்பு உதவுகிறது. குளிர்காலக் கடைசியில் ஒரு சினைத்தாய், கொம்பிழந்த பெரிய ஆணையே குழியிலிருந்து விரட்டிவிடும் என்பதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

ஜூன் தொடக்கத்தில் சிறு விமானத்திலிருந்து பார்ப்பவர் மூன்றைக் குறித்துக்கொள்கிறார்: கொம்பு இருக்கிறதா, மடி விட்டிருக்கிறதா, காலடியில் கன்று இருக்கிறதா. கொம்பும் மடியும் இருந்து கன்று இல்லையென்றால் இன்னும் ஈனவில்லை. கொம்பில்லை, மடியுமில்லை என்றால் அந்த ஆண்டு சினையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கழுத்தில் ரேடியோ அலை அனுப்பும் பட்டை மாட்டிய தாயை நாள்தோறும் தேடிப் போனால் தேதி துல்லியமாகும். இப்போது செயற்கைக்கோளோடு பேசும் பட்டைகளில் இன்னொரு வழியும் இருக்கிறது: தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடந்த தாய் திடீரென்று ஓரிடத்திலேயே நின்றுவிட்டால், அன்று கன்று பிறந்திருக்கும்.

ஆறாம் படி: பிந்தினால் என்ன ஆகும் என்று சுற்றிப் பாருங்கள்

பிறக்கும்போது கன்று ஏறக்குறைய 6 கிலோ. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். முதல் மூன்று நான்கு வாரம்தான் தாய்க்குப் பால் உச்சம். அந்த வாரங்கள் இளந்தளிர் காலத்தோடு பொருந்தினால் தாய்க்குக் கவலையில்லை. பிந்திப் பிறந்த கன்றுக்கு உச்சப் பால் தேவைப்படும் நேரத்தில் கொசுவும், தோலுக்கடியில் புழு வைக்கும் ஈயும் கூட்டம் கூட்டமாக வந்துவிடும். கரிபுகள் மேய்வதை விட்டுக் காற்றடிக்கும் கரைக்கும் பனித்திட்டுக்கும் ஓடும். கன்று சிறியதாகவே குளிர்காலத்தில் நுழையும். தாய் தன் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கிடைக்கும் நாளும் குறையும். அடுத்த ஐப்பசியில் அது மெலிந்தே வரும், மறுபடியும் பிந்தும், இல்லையேல் ஓராண்டு விடும். ஒரு முறை பிந்தியது அடுத்த ஆண்டுக்கும் கடனாகத் தொடர்கிறது.

அதற்காக, முந்தினால் எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். மே மாதத்தில் அங்கே பனிப்புயல் சர்வசாதாரணம். ஈரக் கன்று அதில் தாங்காது.

இப்போது வெப்பம் கூடுவதால் இன்னொரு சிக்கல். மேற்கு கிரீன்லாந்தின் காங்கெர்லுஸ்சுவாக் பகுதியில் எரிக் போஸ்ட், மாட்ஸ் ஃபோர்ஷ்ஹாம்மர் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், செடிகள் ஆண்டுக்காண்டு முன்னதாகத் தளிர்க்க, கரிபு ஈனும் நாள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை என்று காட்டினார்கள். இடைவெளி கூடிய ஆண்டுகளில் கன்று பிழைப்பது குறைந்தது. போன ஐப்பசியில் பகல் அளவைப் பார்த்துச் சினை பிடித்த தாய்க்கு, வருகிற வைகாசி எவ்வளவு சீக்கிரம் சுடும் என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

ஏழாம் படி: குழப்பும் காரணங்களைப் பிரித்து வையுங்கள்

"கொழுத்தவை முன்னால் ஈன்றன, ஆகவே கொழுப்புதான் காரணம்" என்று எழுதிவிட்டு நிறுத்தினால் மாணவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

வயதைப் பாருங்கள். முதல் ஈற்றுக்காரி பெரும்பாலும் மூன்று வயதில் ஈனும். நல்ல ஊட்டம் கிடைத்தால் இரண்டு வயதிலும் ஈனும். தன் வளர்ச்சியே முடியாத உடம்பு என்பதால் பிந்துவதும் சிறிய கன்று ஈனுவதும் அதற்கு இயல்பு. வயது கலந்த பட்டியலில் எடையின் பங்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்துவிடும்.

போன ஆண்டுக் கன்றையும் பாருங்கள். கோடை முழுக்கப் பால் கொடுத்த தாய், கன்றைச் சீக்கிரமே இழந்த தாயைவிட மெலிந்திருப்பது சகஜம். அப்படியானால் இந்த ஆண்டு கொழுத்திருக்கும் தாய், போன ஆண்டு கன்றை இழந்ததாகவும் இருக்கலாம். கொழுப்பைக் கண்டதும் கெட்டிக்காரத் தாய் என்று பட்டம் கொடுக்காமல், அதன் முந்தைய வரலாற்றைக் கேளுங்கள்.

ஆண்டையும் இடத்தையும் கலக்காதீர்கள். அலாஸ்கா, கனடா எல்லையின் இருபுறமும் திரியும் போர்க்குபைன் மந்தை 2000, 2001 ஆண்டுகளில் பனி உருகத் தாமதமானதால், வழக்கமான அலாஸ்காக் கடற்கரைச் சமவெளிக்கு வந்துசேர முடியாமல் கனடாப் பக்கத்திலேயே ஈன்றது. ஒரே ஆண்டில், ஒரே மந்தையில் உள்ள கொழுத்த தாயையும் மெலிந்த தாயையும் ஒப்பிடுவதுதான் நியாயமான ஒப்பீடு.

மந்தையின் கூட்டமும் ஒரு காரணம். கிழக்குக் கனடாவின் ஜார்ஜ் ஆற்று மந்தை 1993 வாக்கில் சுமார் 8 லட்சம். அவ்வளவு வாயும் ஒரே கோடை நிலத்தை மேய்ந்தால் புல் எங்கே மிஞ்சும்? தாய்கள் மெலிந்தன, சினைபிடிப்பும் குறைந்தது. 2018-ல் எண்ணியபோது அந்த மந்தையில் மிஞ்சியது சுமார் 5,500. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனாலும் தாயின் முதுகைத் தடவிப் பார்த்தவர்களுக்கு ஆபத்து முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

எட்டாம் படி: கொட்டகையில் ஒரு நோட்டுப் போடுங்கள்

இனி உங்கள் கையால் செய்ய வேண்டியது. ஆடு வளர்க்கும் உறவினரோ அண்டை வீட்டாரோ இல்லாத தமிழ்க் குடும்பம் செபராங் பிறையில் குறைவு. அனுமதி கேட்டு, ஓராண்டாவது தொடர்ந்து எழுதுங்கள்.

ஒவ்வொரு பெட்டை ஆட்டுக்கும் ஒரு பக்கம். வயது, எத்தனையாவது ஈற்று, கடைசிக் குட்டி பால் மறந்த தேதி ஆகியவற்றை மேலே எழுதுங்கள். மாதம் ஒரு முறை, அதே ஆள், அதே கையால் முதுகும் நெஞ்சும் பார்த்து மதிப்பெண் போடட்டும். ஆள் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். கிடாயைத் தேடிக் கத்திய தேதி, சேர்ந்த தேதி, மூன்று வாரத்தில் மறுபடி கத்தினால் அந்தத் தேதி, ஈன்ற தேதி, எத்தனை குட்டி, ஒவ்வொன்றின் எடை. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். இரட்டைக் குட்டி என்றால் ஓரிரு நாள் முந்தலாம். சினைக்காலம் இவ்வளவு ஒட்டியே இருப்பதால், ஆட்டில் ஈனும் நாளைத் தள்ளுவது பெரும்பாலும் சினை பிடிக்கும் நாள்தான் என்பது உங்கள் நோட்டிலேயே தெரிய வரும். மூன்றாம் படி அங்கே கண்முன் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெலிந்திருக்கிறதே என்று கிடாய் சேர்க்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்து தீவனம் கூட்டுவது நல்ல பழக்கம். சினை பிடிப்பும் கூடும், இரட்டை விழும் வாய்ப்பும் கூடும். ஆனால் கூட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திடீரென்று மாவுத் தீவனத்தைக் கொட்டினால் வயிறு அமிலமாகி ஆடே போய்விடும். ஏற்கெனவே 4-க்குமேல் இருக்கும் ஆட்டை மேலும் கொழுக்க வைக்காதீர்கள். இரட்டைக் குட்டி சுமக்கும் மிகக் கொழுத்த தாயும் மிக மெலிந்த தாயும் கடைசி மாதத்தில் தீவனம் எடுக்காமல் சோர்ந்து படுத்துவிடும் அபாயம் உண்டு. அப்படிப் படுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாமாவின் நோட்டில் 'வெள்ளச்சி' என்ற ஆட்டின் பக்கம் எனக்கு மனப்பாடம். போன ஆண்டு மூன்று குட்டிக்குப் பால் கொடுத்து மதிப்பெண் 2-க்கு இறங்கியிருந்தது. கூட நின்ற மற்ற ஆடுகளெல்லாம் சேர்ந்து முடித்த வாரத்தில் அது கத்தவே இல்லை. மாமா குட்டிகளைப் பால் மறக்கச் செய்து, அதைத் தனியாகக் கட்டித் தேற்றினார். 3-ஐத் தொட்ட மாதத்தில் கத்தியது. ஈன்றது மற்றவற்றுக்கு ஆறு வாரம் பின்னால், ஒரே ஒரு குட்டி. அந்த வரிக்குப் பக்கத்தில், கேள்வி கேட்ட அந்தப் பெண் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "இது நம்ம கரிபு."